நகத்தைப் பாரு தங்கச்சி, இறால் மேல பழியைப் போடாதே

பழவேற்காட்டுப் பக்கம் எந்தப் பொண்ணோட விரலைப் பிடிச்சு "என்னடி இது நகம்?"னு கேட்டாலும் பதில் தயாரா இருக்கு: "இறால் உரிக்கிற கைதானேக்கா, வேற எப்படி இருக்கும்?" கோட்டைக்குப்பத்துலயும் இதே பதில், லைட் ஹவுஸ் குப்பத்துலயும் இதே பதில். இடுப்பளவு தண்ணியில பறியைப் பல்லுல கவ்விக்கிட்டு சேத்துல இறால் தடவுறவ, ஐஸ்ல கிடந்த இறாலை மணிக்கணக்கா உரிக்கிறவ, வலையில மாட்டின நண்டை எடுக்கிறவ, பனை ஓலை கிழிச்சுக் கூடை முடையிறவ, எல்லாருக்கும் நகம் பாழாகத்தான் செய்யும். ஒத்துக்கறேன். ஆனா அந்த ஒரே பதிலுக்குப் பின்னாடி ரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு, கல்லீரல், சிறுநீரகம், நுரையீரல்னு எத்தனையோ ஒளிஞ்சுக்குது. வேலை கெடுத்த நகம் எது, உடம்பு கெடுத்த நகம் எதுன்னு பிரிக்கத் தெரிஞ்சா போதும். மீதியை டாக்டர் பார்த்துக்குவாங்க.

உனக்கு நேரம் இல்லைன்னு தெரியும். அதனால சுருக்கமா, எங்கெங்க ஏமாந்து போவேன்னு மட்டும் சொல்றேன்.

1. ஈரக் கையோட பார்க்காதே

தண்ணியில ஊறின நகம் வெளுத்து, மெத்துன்னு ஆகி, எல்லா நோயும் இருக்கிற மாதிரி தெரியும். வேலை முடிஞ்சு, கையைத் துடைச்சு, ஒரு மணி நேரம் கழிச்சுப் பாரு. வெளிச்சம் பகல் வெளிச்சமா இருக்கணும். டியூப் லைட்டுக்குக் கீழ எல்லார் நகமும் வெளுப்புதான். நெயில் பாலிஷ், மருதாணி எதுவும் இருக்கக் கூடாது. மாசத்துக்கு ஒரு தடவை, ரெண்டு கையையும் சேர்த்து செல்போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோ. "இது எப்போலருந்து இருக்கு?"ன்னு டாக்டர் கேட்கும்போது முழிக்க வேண்டியதில்லை.

2. எத்தனை விரல்னு எண்ணு

வேலை கெடுக்கிறது வேலை செய்யற விரலை. இறால் உரிக்கிறவளுக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், அதுவும் எந்தக் கையால உரிக்கிறாளோ அந்தக் கையில. உடம்புக்குள்ள இருக்கிற நோய் பெரும்பாலும் ரெண்டு கையிலயும் தெரியும், பல விரல்ல தெரியும், சில சமயம் கால் கட்டைவிரல்லயும் தெரியும். வேலையே செய்யாத சுண்டுவிரலும் மோதிர விரலும் மாறியிருந்தா இறாலைத் திட்டாதே.

இதுக்கு விதிவிலக்கு உண்டு. ஒத்தை விரல்ல மட்டும் வர்ற ஆபத்து ஒண்ணு இருக்கு, 9-ல சொல்றேன். அதைத் தாண்டிப் போயிடாதே.

3. குழிஞ்ச நகம்: இதுலதான் நீங்க எல்லாரும் அசட்டையா இருக்கீங்க

நகம் மெலிஞ்சு, நடுவுல பள்ளமாகி, ஓரம் ரெண்டும் மேல தூக்கி, கரண்டி மாதிரி ஆகிடும். நகத்து மேல ஒரு சொட்டு தண்ணி விட்டுப் பாரு. வழிஞ்சு ஓடாம அங்கயே நின்னா சந்தேகப்படணும். இரும்புச்சத்துக் குறைவோட அடையாளம் இது. ஆனா ஒரு சிக்கல்: ஓயாம ஈரத்துல வேலை செய்யறவங்களுக்கும் நகம் இப்படிக் குழியும், அதுவும் அதே கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல்லதான். 2-ல சொன்ன விரல் கணக்கு இங்க மட்டும் கொஞ்சம் தடுமாறும். அதனால நகத்தோட நிறுத்தாம இதையும் பாரு:

• கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பாரு. சிவப்பா இல்லாம வெளுத்திருக்கா?
• கையை நல்லா விரிச்சா உள்ளங்கை ரேகை வெளுப்பா தெரியுதா?
• தண்ணிக் குடம் தூக்கிட்டுப் பத்தடி நடந்தா மூச்சு வாங்குதா?
• பச்சரிசி, பலப்பம், சாம்பல், மண்ணுன்னு வாய் கேட்குதா? மீன் பெட்டியில இருக்கிற ஐஸை எடுத்து நறுக் நறுக்குன்னு கடிக்கிறியா? சிரிக்காதே. ஐஸ் மேல இருக்கிற அந்த ஆசைக்கே இரும்புச்சத்துக் குறைவு காரணமா இருக்கலாம்.

2019-21-ல எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புல, தமிழ்நாட்டுல 15-லருந்து 49 வயசு வரைக்கும் இருக்கிற பொண்ணுங்கள்ல நூத்துக்கு 53 பேருக்கு மேல ரத்தசோகை. அதனால "எனக்கெல்லாம் இருக்காது"ன்னு நெனைக்கிறதே தப்பு. விரல் நுனியில ஒரு குத்து குத்தினா தெரிஞ்சிடும். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ இருந்தா குறைவு, மாசமா இருக்கிறவளுக்கு 11-க்குக் கீழ, ஆம்பளைக்கு 13-க்குக் கீழ.

இரும்பு மாத்திரை குடுத்தா ஒழுங்கா முழுங்கு. டீயோட முழுங்காதே, டீயில இருக்கிற துவர்ப்பு இரும்பை உடம்புல ஏறவிடாது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ, காபி வேண்டாம். எலுமிச்சைத் தண்ணியோட போட்டா நல்லா ஏறும். மலம் கறுப்பா போகும், பயந்து நிறுத்திடாதே. வயித்தைப் புரட்டினா சாப்பிட்ட பிறகு போடு. அதுக்காக மாத்திரையைப் பரண்ல போட்டுடாதே. மூணு வாரத்துல தெம்பு வந்ததும் விட்டுடறவங்கதான் அதிகம். ரத்தம் ஏறின பிறகும் சேமிப்புக்காக ரெண்டு மூணு மாசம் தொடரணும். பள்ளிக்கூடத்துல வாரம் ஒண்ணு குடுக்கிற நீல மாத்திரையை உன் பொண்ணு பையில ஒளிச்சு வெக்கிறாளான்னும் பாரு.

சாப்பாட்டுல உனக்குக் குறையே இல்லை தங்கச்சி. ஏரியில கிடைக்கிற மட்டியில இரும்பு நிறைய. நல்லதையெல்லாம் ஏலத்துல குடுத்துட்டு, வீட்டுக்கு ரசமும் ஊறுகாயும் வெச்சுக்கிட்டா எங்கிருந்து ரத்தம் ஊறும்? வாரத்துக்கு ரெண்டு நாள் உன் தட்டுலயும் மட்டியோ சின்ன மீனோ விழணும். ஆம்பளைங்க சாப்பிட்ட மிச்சத்தைச் சொல்லலை.

சத்து குறைஞ்சது ஏன்னு கேளு. மாசவிலக்குல கட்டி கட்டியா போகுதா, மூலத்துல ரத்தம் போகுதா, வெறும் காலோட நடந்து கொக்கிப்புழு ஏறிடுச்சா? ஓட்டையை அடைக்காம மாத்திரை மட்டும் முழுங்கினா திரும்பக் குறையும். ஐம்பது வயசு தாண்டின ஆம்பளைக்கு ரத்தசோகை வந்தா குடல், வயிறு எல்லாம் பார்க்கச் சொல்லு. அதைச் சாதாரணமா விடவே கூடாது.

4. நகச்சுத்துக்கு எலுமிச்சம்பழம் குத்தறதுக்கும் ஒரு அளவு இருக்கு

விரல்ல எலுமிச்சம்பழத்தைத் தொப்பி மாதிரி மாட்டிக்கிட்டு உட்காரறது நம்ம ஊரு வைத்தியம். ஒரு நாள் சுகமா இருக்கும், இல்லைங்கலை. ஆனா சீழ் கட்டினதைப் பழம் எடுக்காது. நகம் முளைக்கிற இடத்துல இருக்கிற மெல்லிய தோல்தான் தண்ணியும் கிருமியும் உள்ள போகாம காக்கிற காவல். இறால் கொம்பு குத்தி, உப்புத் தண்ணியில ஊறி அது கிழிஞ்சா, வீக்கம் மாசக்கணக்குல போகாது. நகச்சுத்து திரும்பத் திரும்ப வந்தாலோ, ஆறவே மாட்டேங்குதுன்னாலோ சர்க்கரை பார்த்தே ஆகணும். சில பேருக்கு சர்க்கரை இருக்கிறது இப்படித்தான் முதல்ல தெரிய வருது.

• மெடிக்கல் ஷாப்ல "மூணு மருந்து கலந்த க்ரீம்" வாங்கித் தடவாதே. அதுல ஸ்டீராய்டு இருக்கும். அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ள பரவும்.
• கத்தி முனையாலயும் தூண்டில் முள்ளாலயும் நகத்தடி அழுக்கை நோண்டாதே.
• ரப்பர் கையுறைக்குள்ள மெல்லிய பருத்திக் கையுறை போடு. ரப்பர் மட்டும் போட்டா உள்ள வேர்த்து, கை ஊறிடும்.
• வேலை முடிஞ்சதும் நல்ல தண்ணியில கழுவி, விரல் இடுக்கெல்லாம் துடைச்சு, தேங்காயெண்ணெய் தடவு. இதுக்கு ரெண்டு நிமிஷம்கூட ஆகாது.

5. குத்தின இடம் ஒரே நாள்ல வீங்கினா வீட்டுல இருக்காதே

இது நகத்தைத் தாண்டின விஷயம். ஆனா சொல்லாம விட மனசு வரலை. கெளுத்தி முள், நண்டுக் கொடுக்கு, இறால் கொம்பு குத்தின விரல் ரெண்டு மூணு நாள்ல ஊதா கலந்த சிவப்பா மாறி எரிச்சலும் வலியுமா இருந்தா, மீன்ல இருக்கிற ஒரு கிருமி காரணமா இருக்கலாம். மருந்து குடுத்தா கேட்கும். ஆனா உவர் தண்ணியில வாழற இன்னொரு கிருமி உண்டு, விப்ரியோ. சில மணி நேரத்துலயே கை வீங்கும், கொப்புளம் போடும், காய்ச்சல் அடிக்கும், வலி தாங்க முடியாது. குடியால கல்லீரல் கெட்டவங்க, சர்க்கரை இருக்கிறவங்க இதுல உயிரையே விடலாம். மஞ்சள் பத்து போட்டு விடியட்டும்னு காத்திருக்காதே. ராத்திரியா இருந்தாலும் 108-ஐக் கூப்பிடு.

6. வீட்டுக்காரர் விரலைப் பிடி

சண்டைக்கு இல்லை, சோதிக்கத்தான். ரெண்டு கை ஆள்காட்டி விரல் நகத்தையும் முதுகோட முதுகு ஒட்டி வைக்கச் சொல்லு. நகத்தடியில ரெண்டுக்கும் நடுவுல சின்னதா சாய்சதுர இடைவெளி வழியா வெளிச்சம் தெரியணும். தெரியலைன்னா விரல் நுனி தடிச்சு, நகம் வளைஞ்சு, மேடா ஆகியிருக்குன்னு அர்த்தம். லியோ ஷாம்ராத்னு தென்னாப்பிரிக்க இதய டாக்டர், தனக்கே இதய வால்வுல கிருமி தொத்தினப்போ தன் விரலையே கவனிச்சு 1976-ல எழுதி வெச்ச சோதனை இது. கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம்.

இப்படி விரல் தடிக்கிறது நுரையீரல்ல புத்து, நாள்பட்ட சளி சீழாகிறது, இதயத்துல கிருமி, கல்லீரல் சுருக்கம் இதுல எதுவாவும் இருக்கலாம். பிறவியிலயே சிலருக்கு இருக்கும். அப்பாவுக்கும் அப்படியே இருந்தா கவலை குறைவு. பீடி குடிக்கிறவருக்குப் புதுசா வந்திருந்தா மறுநாளே மார்பு எக்ஸ்ரே. "பீடி குடிச்சா இருமத்தான் செய்யும்"னு அவரே தனக்கு டாக்டராயிடுவார். விடாதே. பீடி பிடிச்சு இருமுற எல்லாருக்கும் விரல் தடிக்காது; தடிச்சிருந்தா வேற ஏதோ சேர்ந்திருக்குன்னுதான் டாக்டர்ங்க பார்ப்பாங்க.

7. வெளுப்புல மூணு விதம்

அங்கங்க வெள்ளைப் புள்ளி: கால்சியம் குறைவுன்னு ஊரே சொல்லும். இல்லை. எங்கயோ இடிச்சுக்கிட்டது. வளர்ந்து போயிடும். கால்சியம் மாத்திரை வாங்காதே.

நகம் முழுக்க வெளுத்து, நுனியில மட்டும் மெல்லிசா பழுப்புச் சிவப்புப் பட்டை: ரிச்சர்ட் டெர்ரி 1954-ல கல்லீரல் சுருக்க நோயாளிங்ககிட்ட பார்த்தது. வயசானவங்களுக்கும் இதய பலவீனம், சர்க்கரை இருக்கிறவங்களுக்கும் வரும். தினம் சாயங்காலம் குடிக்கிறவரோட நகத்துல இருந்தா காலு வீங்குதா, வயிறு உப்புதான்னு பாரு.

அடிப் பாதி வெள்ளை, நுனிப் பாதி செம்பழுப்பு: நாள்பட்ட சிறுநீரக நோயில வர்றது. அழுத்திப் பார்த்தாலும் அந்தப் பழுப்பு நிறம் மறையாது. காலையில முகம் வீங்குறதும், சிறுநீர் நுரைக்கிறதும் சேர்ந்திருந்தா கிரியாட்டினின் பார்க்கணும். மூட்டு வலின்னு வாரக்கணக்கா வலி மாத்திரை வாங்கி முழுங்கற பழக்கம் நம்ம பக்கம் அதிகம். அது சிறுநீரகத்துக்கு எமன்.

8. பள்ளக் கோடும், நீல நகமும்

நகத்துக்குக் குறுக்கே பள்ளமா ஒரு கோடு விழுந்திருந்தா பழைய நோயோட தடயம். 1846-ல ஜோசப் போ என்கிற பிரெஞ்சு டாக்டர் எழுதினது. கைவிரல் நகம் மாசத்துக்குச் சுமாரா 3 மில்லிமீட்டர் வளரும். கோடு நகம் முளைக்கிற இடத்துலருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி இருந்தா, ரெண்டு மாசம் முன்னாடி நீ டைபாய்டுலயோ டெங்குலயோ கிடந்தப்போ நகம் வளர்றதை நிறுத்தியிருக்கு. அதுக்கு வைத்தியம் வேண்டாம், அஞ்சாறு மாசத்துல வளர்ந்து போயிடும். கை, கால், வாயில கொப்புளம் வந்த குழந்தைக்கு ஒண்ணு ரெண்டு மாசம் கழிச்சு சில சமயம் நகம் கழண்டு விழும். அலறாதே, புதுசு வளரும்.

நெட்டுவாக்குல இருக்கிற வரி வயசோட வர்றது. போ, வேலையைப் பாரு.

நீலம் அப்படியில்லை. ஐஸ்ல கை வெச்சவளுக்கு நகம் நீலமாகும். சூடு பட்டதும் சிவக்கும். நாக்கும் உதடும்கூட நீலமா இருந்தா அது குளிர் இல்லை. உடம்புக்கு ஆக்சிஜன் போதலை. பெரியவங்களா இருந்தா உடனே ஆஸ்பத்திரி. குழந்தை அழும்போதோ ஓடி விளையாடும்போதோ நீலமாகி, குத்துக்கால் போட்டு உட்கார்ந்துக்கிட்டா இதயத்துல பிறவிக் குறை இருக்கலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல அறுவை சிகிச்சைக்கு வழி இருக்கு. காசுக்குப் பயந்து ஒளிக்காதே.

9. தள்ளிப் போடவே கூடாதவை

• ஒத்தை விரல்ல, பெரியவங்களுக்குப் புதுசா வந்த கறுப்புக் கோடு. நம்ம மாநிறத்துக்கு நாலஞ்சு விரல்ல மெல்லிசா பழுப்புக் கோடு இருக்கறது சகஜம். ஒரே விரல்ல வந்து, அகலமாகி, கறுப்பு நகத்தை விட்டுத் தோலுக்கும் பரவினா அது மெலனோமா என்கிற புத்தா இருக்கலாம். பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரல் நகத்தடியில வந்தது இதுதான். 1977-ல கண்டுபிடிச்சாங்க, 1981-ல 36 வயசுல போயிட்டார். "வலை இழுக்கிறப்போ அடிபட்ட ரத்தக்கட்டு"ன்னு நீ நெனைக்கிறது சரியா இருந்தா, அது நகத்தோட வளர்ந்து நுனிக்கு நகரும். நகரலைன்னா காட்டு.

• காய்ச்சலோட, பல விரல் நகத்தடியில சிராய் குத்தின மாதிரி செங்கறுப்புக் கீறல். மட்டி கிழிச்சு ஒண்ணு ரெண்டு வரும். பல விரல்ல வந்து, வாரக்கணக்கா காய்ச்சலும் இருந்தா, முக்கியமா சின்ன வயசுலயே இதய வால்வு கெட்டிருக்குன்னு சொல்லப்பட்டவங்களுக்கு, அது இதயத்துல தொத்தின கிருமியா இருக்கலாம்.

• வேலையே செய்யாத மோதிர விரல்ல நகம் சதையை விட்டுத் தூக்கிக்கிறது. கூடவே படபடப்பு, கை நடுக்கம், சாப்பிட்டும் மெலிவுன்னா தைராய்டு பாரு.

• நகத்துல ஊசியால குத்தின மாதிரி சின்னச் சின்னக் குழி, காலையில எழுந்தா விரல் மூட்டு மடங்க மாட்டேங்குது. சொரியாசிஸ் மூட்டைத் தாக்குதான்னு பார்க்கணும். சீக்கிரம் பிடிச்சா விரல் கோணாது.

10. காசை வீணாக்காதே

முடிக்கும் நகத்துக்கும்னு விக்கிற பயோட்டின் மாத்திரை உனக்கு வேண்டாம். பெரும்பாலானவங்களுக்கு அதுல குறைவே கிடையாது. போதாததுக்கு, அது தைராய்டு டெஸ்டையும் மாரடைப்புக்குப் பார்க்கிற டெஸ்டையும் தப்பாக் காட்டும். 2017-லயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிச்சிருக்கு. முழுங்கிட்டிருந்தா ரத்தம் குடுக்கும் முன்னாடி டாக்டர்கிட்ட சொல்லிடு.

நகத்தை மட்டும் வெச்சு "எனக்குப் புத்து"ன்னு நீயா முடிவு பண்ணி அழாதே. நகம் சந்தேகத்தைத்தான் கிளப்பும், தீர்ப்பு சொல்றது டெஸ்ட்.

இப்போ கிளம்பற வழி. உங்க வீட்டுக்குப் பாடு, அதாவது ஏரியில வலை விடற முறை, இல்லாத நாளைப் பார்த்துக்கோ. அன்னைக்கு மீனும் இல்லை, ஏலமும் இல்லை, சாக்கும் இல்லை. முதல்ல பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையம், தேவைப்பட்டா பொன்னேரி அரசு ஆஸ்பத்திரி, பெரிய விஷயம்னா திருவள்ளூர் அரசு ஆஸ்பத்திரியோ சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியோ. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிரஷரும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கு வர்றவங்ககிட்டயும் விரலை நீட்டிக் கேட்கலாம். டாக்டர்கிட்ட "நகம் மாறியிருக்கு, ஹீமோகுளோபினும் சர்க்கரையும் சிறுநீர்ல புரோட்டீனும் பார்க்கணுமா?"ன்னு வாய்விட்டுக் கேளு. என்ன வேலை செய்யற, எந்தக் கை, எந்த விரல், எத்தனை மணி நேரம் தண்ணியிலன்னும் சொல்லு. நீ சொல்லலைன்னா அவங்களுக்குத் தெரியாது. நெயில் பாலிஷை முந்தின நாளே அழிச்சிடு. அதைப் போட்டுட்டுப் போனா விரல்ல மாட்டற ஆக்சிஜன் கருவிகூடத் தப்பாக் காட்டலாம். உன் சீட்டோட வீட்டுக்காரருக்கும் ஒரு சீட்டு போட்டு இழுத்துட்டுப் போ.